ஐந்தாம் தட்டுக் கால்பந்து பார்க்க ஹாம்பர்க் போன கதை

முதலில் அந்தப் பேருந்தைப் பற்றிக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. பெர்லினிலிருந்து ஹாம்பர்க்குப் பதினொரு யூரோ, மூன்றேகால் மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். அதே நாள் ரயில் நாற்பதுக்கு மேல் கேட்டது. மாணவன் பிழைப்பில் இருபத்தொன்பது யூரோ என்பது ஒரு வாரச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்குக் கிளம்ப வேண்டிய வண்டி நாலேகாலுக்கு வந்து நின்றது. ஏசி ஓடவில்லை. கழிவறைக் கதவில் 'பழுது' என்று ஒரு துண்டுக் காகிதம். வழியில் சாலை வேலை வேறு. ஓட்டுநரிடம் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன். என் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைக் காட்டினார். அதுவும் ஓடவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம், திரும்பி வரவும் அவர்களிடமே டிக்கெட் எடுத்திருந்தேன்.

அன்று மாலை ஏழரைக்கு விளக்கொளியில் ஒரு ஓபர்லிகா மேட்ச் பார்ப்பதுதான் திட்டம். நான் இறங்கும்போது மணி எட்டரை. மைதானமோ ஊர்க்கோடியில். போச்சு.

ஓபர்லிகா ஹாம்பர்க் என்பது ஜெர்மன் கால்பந்தின் ஐந்தாம் தட்டு. பகலில் வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம் என்று இருக்கிறவர்களின் லீக். 'ஹாம்பர்க் போய் இதையா பார்ப்பாய்?' என்று அறை நண்பன் சிரித்தான். முதல் தட்டான புண்டஸ்லிகாவுக்கு டிக்கெட் கிடைப்பதே குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் வானத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எறும்புகளைப் பார்க்க வேண்டும். என் பணத்துக்கு அது வேண்டாம்.

சனிக்கிழமை மேட்ச் இல்லை. எட்டுப் படுக்கை விடுதி அறையில் ஒருவர் விட்ட குறட்டையில் தூக்கமும் இல்லை. சரி, பாரன்ஃபெல்ட் ஸ்டேஷனில் இறங்கி, ஹாம்பர்க்கின் அல்தோனா பகுதிக் கிளப்பான அல்தோனா 93-ன் மைதானத்தையாவது பார்க்கலாம் என்று போனேன். மைதானத்தின் பெயர் அடோல்ஃப் யேகர் காம்ப்ஃபான், 1908-லிருந்து இருக்கிறது. கதவு பூட்டியிருந்தது. கம்பி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தால் புல் முளைத்த மண்மேடு, அதில் படி மாதிரி வெட்டிய நிற்குமிடம், கொஞ்சம் துருப்பிடித்த தடுப்புக் கம்பி. அவ்வளவுதான், ஆனால் அரை மணி நேரம் நகர மனசு வரவில்லை. யேகர் இந்தக் கிளப்பின் முன்கள வீரர்; ஜெர்மனிக்காக 18 ஆட்டங்கள் ஆடியவர். 1944-ல் இதே அல்தோனாவில் வெடிக்காத குண்டுகளை அகற்றும் வேலையில் செத்துப்போனார். அந்த வருடமே மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஜெர்மனியின் முதல் சாம்பியன்ஷிப் இறுதியாட்டமும் 1903-ல் அல்தோனாவில்தான் நடந்தது. லைப்சிக் அணி பிராக் அணியை 7-2 என்று துவைத்தது. இப்படிப்பட்ட இடத்தில் நிற்கும் மைதானத்தை வீடு கட்ட எப்போதோ விற்றுவிட்டார்கள். கிளப் வேறு இடம் போக வேண்டும் என்ற பேச்சு வருடக்கணக்காக ஓடுகிறது. ஹாம்பர்க்கில் வீட்டு வாடகை எனக்கும் தெரியும், வீடு வேண்டும்தான். இருந்தாலும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மதியம் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் துறைமுகத்தில் ஒரு ஃபிஷ்ப்ரோட்சென். மொறுமொறு பன்னுக்குள் உப்பில் ஊறிய ஹெரிங் மீன், மேலே பச்சை வெங்காயம். சமைக்காத மீனா என்று முதலில் தயங்கினேன். ஒரு கடிக்கு அப்புறம் தயக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. மீன் வெண்ணெய் மாதிரி கரைகிறது, வெங்காயம் நறுக்கென்று ஏறுகிறது. நாலரை யூரோ. ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு இன்னும் போகவில்லை, பெருக்கினேன், வயிறு எரிந்தது, இன்னொன்று வாங்கினேன். இந்த ஊருக்கு யார் போனாலும் நான் சொல்லும் ஒரே புத்திமதி இதுதான். அருங்காட்சியகம் எல்லாம் அப்புறம்.

ஞாயிறு விடிகாலை மீன் சந்தை. 1703-லிருந்து நடக்கிறதாம். இப்போது மீனைவிடப் பழக்கூடை கூவி விற்பவர்கள்தான் அதிகம், இரவெல்லாம் குடித்துவிட்டு வந்த கூட்டம் வேறு. இன்னொரு முறை போக மாட்டேன்.

அப்புறம் யூ3 ரயில். துறைமுகத்தை ஒட்டி மேம்பாலத்தில் ஓடும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களுக்காகவே இதில் ஏறலாம். ஹோஹெலுஃப்ட்ப்ரூக்கேயில் இறங்கி நடந்தால் ஹோஹெலுஃப்ட் மைதானம், எஸ்.சி. விக்டோரியாவின் வீடு. 1895-ல் தொடங்கிய கிளப், நீலமும் மஞ்சளும் சட்டை. 1911-ல் ஜெர்மனி ஸ்வீடனிடம் 1-3 என்று தோற்ற ஆட்டம் இங்கேதான். இப்போது செயற்கைப் புல், வாசலில் ஒரு மேசை, அதன் மேல் சில்லறை டப்பா, பின்னால் ஒரு பாட்டி. எட்டு யூரோ வாங்கிக்கொண்டு, சினிமா டிக்கெட் ரோல் மாதிரி ஒன்றிலிருந்து சீட்டு கிழித்துக் கொடுத்தார்.

அடுத்து பீர் கவுன்டரில் என் மானம் போயிற்று. பலகையில் நாலு யூரோ என்று இருந்தது, பையன் ஆறு கேட்டான். பேருந்துக் கோபம் மொத்தமும் அங்கே வந்துவிட்டது. 'வெளியூர்க்காரன் என்றால் ஏமாற்றுவீர்களா?' என்று அரைகுறை ஜெர்மனில் கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற பெரியவர் என் தோளைத் தட்டி, 'ஃபான்ட், தம்பி. கோப்பைக்கு முன்பணம். திருப்பிக் கொடுத்தால் ரெண்டு யூரோ திரும்ப வரும்' என்றார். இரண்டு வருடமாகச் சூப்பர்மார்க்கெட்டில் பாட்டில் போட்டுக் காசு வாங்குகிறவன் நான். பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் நுரையை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

பெரியவர் என்னை விடவில்லை. மைதான ஓரக் கோட்டுக்குப் பின்னால் கம்பியில் சாய்ந்து நின்றோம். பந்து எறிய வந்த பையனின் மூச்சு கேட்கிற தூரம். ப்ராட்வுர்ஸ்ட் தொத்திறைச்சி வைத்த அட்டைத் தட்டில் மஸ்டர்டைத் தொட்டு ஐந்து கோடு போட்டார். மேலே புண்டஸ்லிகா, அதன் கீழே இரண்டாவது, மூன்றாவது லிகா, அப்புறம் ரீஜியோனல்லிகா. ஐந்தாவது கோட்டில் தொத்திறைச்சியை வைத்து, 'நாம் இங்கே' என்றார். 1963-ல் புண்டஸ்லிகா வரும்வரை ஓபர்லிகாதான் உச்சம். ஹாம்பர்க்கின் பெரிய கோல் வீரர் ஊவே சேலரே வடக்குப் பிரிவான ஓபர்லிகா நோர்டில் ஆடியவர்தான் என்று அவர் சொன்ன தோரணையில், மற்றவர்கள்தான் இடம் மாறிவிட்டார்கள் என்பது போல இருந்தது.

இங்கே சாம்பியன் ஆனாலும் நேராக மேலே போக முடியாது. பிரேமன், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலச் சாம்பியன்களோடும் நீடர்சாக்சன் மாநிலத்தில் இரண்டாவதாக வந்த அணியோடும் ஒரு சுற்று ஆட வேண்டும். அதுவும் ஆட ஆசைப்பட்டால்தான். டஸன்டோர்ஃப் என்று நகர எல்லைக்கு வெளியே ஒரு கிராமம். அந்த ஊர் அணி பல முறை சாம்பியன் ஆகியும் 'மேலே போக மாட்டோம்' என்று இருந்துவிட்டது. எனக்கு நம்பவே முடியவில்லை. பெரியவர் தோளைக் குலுக்கினார். 'மெப்பன் வரை பஸ்ஸில் போய் ஆடிவிட்டு நள்ளிரவு திரும்பி வந்து, திங்கட்கிழமை காலை யார் வேலைக்குப் போவது? ஏறினால் செலவுதான்.' என் வங்கிக் கணக்கு ஆமாம் போட்டது.

ஆட்டம்? முதல் பாதி சொல்லும்படி இல்லை, நீளமாக அடித்துத் துரத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதியில் விக்டோரியாவின் இடது ஓரத்துப் பையன் இரண்டு பேரை வெட்டிவிட்டு உள்ளே கொடுத்த பந்து கோலானது. எங்களுக்கு நேர் எதிரே. கோல் போட்டவன் கம்பிக்கு ஓடி வந்தான், பெரியவர் அவன் தலையைக் கலைத்துவிட்டார். கடைசி நிமிடங்களில் கோல்கீப்பர் ஒன்றைக் கோட்டைவிட்டார், 1-1. 'நாளைக்கு ஆபீசில் எல்லோரும் கேட்பார்கள்டா' என்று பின்னாலிருந்து யாரோ கத்த, கோல்கீப்பரே சிரித்துவிட்டார்.

முடிந்ததும் ரெண்டு யூரோ ஞாபகம் வந்தது. கம்பியடியில் வைத்த கோப்பையைக் காணோம். பத்து வயதுப் பையன் ஒருவன் மோவாய் வரை கோப்பைகளை அடுக்கி, சாய்ந்து சாய்ந்து கவுன்டருக்குப் போய்க்கொண்டிருந்தான். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. முப்பத்துநாலு யூரோ, அதில் ரெண்டு என்னுடையது. பெரியவர் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருடைய பேரனாம்.