தங்கச்சியின் ஆதாரும் ஒரு 'ஏர்போர்ட் வேலை'யும்

ஜூன் 9, திங்கள்

ராத்திரி சித்தி மகள் போன். சென்னை ஏர்போர்ட்டில் கிரவுண்ட் ஸ்டாஃப் வேலையாம். இன்டர்வியூ வாட்ஸ்அப்பிலேயே முடிந்துவிட்டது. நாளைக்குள் 'திருப்பித் தரும்' டெபாசிட் 2,950 ரூபாய் கட்ட வேண்டும்.

"கட்டிட்டியா?"

"இல்லக்கா, அதான் உன்கிட்ட கேக்கலாம்னு."

பணம் தப்பித்தது. ஆனால் ஆதார், பான், மார்க் ஷீட், போட்டோ, கேன்சல் செய்த செக் எல்லாம் போய்விட்டன. ஓடிபி எதுவும் சொல்லவில்லை, அவர்கள் அனுப்பிய ஆப் எதையும் இறக்கவில்லை. பயத்தில் சாட்டை அழிக்கப் போனாள், தடுத்தேன். அந்த எண், ஆஃபர் லெட்டர், யூபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் பிளாக்.

ஜூன் 10

ஆதார் எண்ணை நினைத்தபடி மாற்ற முடியாது, பூட்டலாம். ஆதாருக்கான அரசு ஆப்பான எம்ஆதாரில், கைரேகையை யாரும் பயன்படுத்த முடியாதபடி பயோமெட்ரிக் லாக் போட்டோம். நகலில் கைரேகை இல்லைதான். ஆனாலும் பத்திரப்பதிவு ஆவணத்திலிருந்த ரேகையைத் திருடி ஆதார் வழியாகப் பணம் எடுத்த வழக்குகள் நடந்திருக்கின்றன. சித்திக்கு ஒரே கவலை: "ரேஷன் கடையில இவ ரேகை விழுமா?" தேவைப்படும்போது கொஞ்ச நேரத்துக்குத் திறந்துகொள்ளலாம் என்றதும்தான் காபி வந்தது.

அதே ஆப்பில் ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்ற பட்டியலும் இருக்கிறது. புதிதாக ஒன்றும் இல்லை.

ஜூன் 11

வங்கியில் அந்த செக் எண்ணுக்குப் பணம் தரக்கூடாது என்று ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுத்தோம். தெரியாத பணம் கணக்கில் விழுந்து, "தப்பா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று யாராவது கேட்டால் தானாக அனுப்பாமல் வங்கியிடம் சொல்லச் சொன்னேன். திருட்டுப் பணம் கைமாறும் வழிகளில் அது ஒன்று, கணக்கே முடங்கும்.

புகார் என்றதும் சித்தி முகம் மாறியது. "பொண்ணு பேரு அடிபடும்." நான் விடவில்லை. நாளைக்கு இவள் பேரில் யாரோ கணக்குத் திறந்து மோசடி செய்தால் போலீஸ் தேடி வருவது இவளைத்தான். அப்போது காட்ட ஒரு காகிதம் வேண்டாமா? பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடித்திருப்போம். போகாததால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பதிந்தோம். ஒப்புகை எண்ணைப் பிரின்ட் எடுத்தாயிற்று.

ஜூன் 14

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவள் பேரில் எத்தனை சிம் என்று பார்த்தோம். தெரியாத எண் ஒன்று! 'என் எண் இல்லை' என்று அழுத்தப் போகும் நேரத்தில் சித்தப்பா உள்ளே வந்தார். அது தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரில் போட்ட சிம்மாம். அழுத்தியிருந்தால் வாழைக்குத் தண்ணீர் போயிருக்காது.

ஜூன் 20

பான் எண்ணை வைத்து லோன் ஆப்களில் கடன் வாங்கிவிடுவார்கள் என்பதுதான் என் பெரிய பயம். யார் பேரில் என்ன கடன் என்று பதிந்து வைக்கும் சிபில் நிறுவனத்தில் இலவச அறிக்கை எடுத்தோம். கடனும் இல்லை, கடன் கேட்ட தடமும் இல்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இப்படி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒரே நாளில் நாலையும் எடுத்துத் தீர்க்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

ஜூன் 27

வேறு எண்ணிலிருந்து 'கோர்ட் நோட்டீஸ்' பிடிஎஃப். சேர ஒப்புக்கொண்டு சேராததற்கு நஷ்ட ஈடாம். சித்தப்பா வக்கீலைத் தேடக் கிளம்பிவிட்டார். எந்தக் கோர்ட், என்ன வழக்கு எண் என்று அதில் ஒரு வரி கிடையாது. தங்கச்சி பதில் போடவில்லை. புது எண்ணையும் பிடிஎஃப்பையும் புகார் கோப்பில் சேர்த்துவிட்டு, செப்டம்பரில் எக்ஸ்பீரியன் பார்க்க போனில் ரிமைண்டர் வைத்தாள்.