எத்தன நாளைக்குன்னு நான் கேக்கவே இல்ல

நான் ஒரு அனிமல் ஷெல்டர்ல வேலை பாக்குறேன், வளக்க முடியலன்னு நாய் பூனைய ஒப்படைக்க வர்றவங்கள முதல்ல பாக்குறது நான்தான். சேர்ந்த புதுசுல ஃபார்ம நீட்டுவேன், காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், வீடு இல்லன்னோ வசதி இல்லன்னோ எழுதுவாங்க, கையெழுத்து வாங்கிட்டு உள்ள அனுப்பிடுவேன். அஞ்சு நிமிஷ வேலை.

ஒரு அக்கா பூனையோட வந்தாங்க. வீட்டு ஓனர் காலி பண்ண சொல்லிட்டார், புது வீடு கெடைக்கல, அதுவரைக்கும் தங்கப்போற இடத்துல பூனைய விடமாட்டாங்களாம். ஒரு பழைய துண்டுல சுத்தி கொண்டு வந்திருந்தாங்க, "இந்தத் துண்ட மட்டும் அதுகிட்டயே விட்டுடுங்கம்மா, இது வாசம் இல்லன்னா தூங்காது"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. பதினெட்டாவது நாள் திரும்ப வந்து நின்னாங்க, வீடு கெடைச்சிருச்சு குடுத்துடறீங்களான்னு. அதுக்குள்ள வேற குடும்பம் தத்தெடுத்துட்டு போயிருச்சு. ஃபார்ம்படி எல்லாம் சரிதான். அவங்க என்னத் திட்டல, அந்தத் துண்டாவது இருக்கான்னு கேட்டாங்க. அதுவும் இல்ல.

அவங்களுக்கு தேவைப்பட்டதே பதினெட்டு நாள் பாத்துக்க ஒரு ஆள்தான்.

இப்பல்லாம் ஃபார்ம எடுக்கறதுக்கு முன்னாடி, இது உங்ககூடவே இருக்கணும்னா என்ன வேணும்னு கேக்குறேன், பதில் பெரும்பாலும் சின்னதா இருக்கு. ரெண்டு வாரத்துக்கு தீனி. அவங்க ஆபரேஷன் முடிஞ்சு வர்ற வரைக்கும் ஒரு ஃபோஸ்டர் வீடு, அதாவது கொஞ்ச நாளைக்கு மட்டும் வெச்சுப் பாத்துக்கற வீடு. இல்லன்னா வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டதுக்கான அட்டை, காலி பண்ற அவசரத்துல முதல்ல தொலையறது அதுதான், அது இல்லாம நாயோட வந்தா உள்ள விடாத தங்குமிடங்கள் இருக்கு. அதனால ஒரு காப்பி எங்ககிட்ட வெச்சுக்கறோம், தோலுக்கு அடியில மைக்ரோசிப்பும் போடறோம். சிப்புன்னா பிராணி எங்க இருக்குன்னு காட்டும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, அரிசி மணி அளவுதான் இருக்கும், ஸ்கேன் பண்ணா 15 இலக்க நம்பர் வரும், அவ்வளவுதான், அந்த நம்பருக்கு எதிர்ல பதிவான போன் எடுத்தாதான் பிரயோஜனம். வீடு இல்லாதவங்களுக்கு போன் நம்பர் அடிக்கடி மாறிடும், அதனால நம்பிக்கையான இன்னொருத்தர் நம்பரையும் சேத்து பதிய சொல்றோம்.

தீனி குடுக்கறதுலயும் கவனம் வேணும். பழகின தீனிய ஒரே நாள்ல மாத்தினா வயித்தால போகும், தெருவுல தூங்கறவங்க அத ராத்திரில எப்படி சமாளிப்பாங்க, அதனால முடிஞ்சவரைக்கும் அதே தீனி, இல்லன்னா ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமா கலந்து குடுக்க சொல்லுவோம். இன்னொன்னு, கால்நடை டாக்டர்கிட்ட போக காசில்லாதப்ப தனக்கு வாங்கின பாராசிட்டமால பூனைக்கு குடுத்துடறாங்க, பாசத்துலதான், ஆனா ஒரே மாத்திரை கூட பூனையக் கொன்னுடும். பூனை வெச்சிருக்க யார் வந்தாலும் இத சொல்லாம அனுப்பறதில்ல.

கருத்தடைக்கு மறுக்கறவங்களும் நான் நெனைச்ச அளவுக்கு இல்ல. ஒரு பெண் பூனை நாலஞ்சு மாசத்துலயே சினையாகலாம்னு சொன்னா உடனே சரிங்கறாங்க, கூட்டிட்டு வர வண்டி, ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரிகள்ல படுக்க காஞ்ச இடம், இது ரெண்டும்தான் தடை. அந்த ராத்திரிகளுக்கு எங்ககிட்டயே வெச்சுக்கறோம்.

வசதி இல்லாதவங்க எதுக்கு வளக்கணும்னு கேக்கறவங்க இருக்காங்க. நான் பாத்த முக்கால்வாசி பேருக்கு நாய் வந்தப்ப வீடு இருந்துச்சு, வீடு போச்சு, நாய் மிச்சம். 2005ல அமெரிக்கால கத்ரீனா புயலப்ப பிராணிய விட்டுட்டு வரமாட்டோம்னு எத்தனையோ பேர் வெள்ளத்துலயே நின்னாங்க, அடுத்த வருஷமே பேரிடர் திட்டத்துல வளர்ப்புப் பிராணிகளையும் சேக்கணும்னு அங்க சட்டம் வந்துச்சு. ஒரு நல்ல படுக்கைய வேணாம்னுட்டு நாயோட வெளிய படுக்கறவங்களும் அதே மனசுலதான் படுக்கறாங்க.

ஃபோஸ்டர்ல விட்டவங்க எல்லாரும் திரும்ப வந்துடறதில்ல, நாள் தள்ளிப் போகும், அப்ப பேசி நீட்டிக்குவோம், வாரம் ஒரு போட்டோ அனுப்புவோம். கூட வந்த கயிறு, தட்டு, துணி எதுவா இருந்தாலும் ஒரு பைல போட்டு பேர் எழுதி வெச்சிடுவேன், அது என் வேலை, வேற யார்கிட்டயும் விடறதில்ல. போன மாசம் ஒரு தாத்தா ஆஸ்பத்திரில இருந்து நேரா வந்தாரு, நாயக் கூட்டிட்டு வர ஆள் உள்ள போயிருக்கும்போதே "அதோட கயிறு இருக்காம்மா"ன்னு கேட்டாரு. பைல இருந்துச்சு, எடுத்து குடுத்தேன்.