சாமி இருந்தால் இலவசம், போய்விட்டால் 600

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவனும் அவன் மனைவியும் முந்தாநாள்தான் விமானம் ஏறினார்கள். என் கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை, பர்ஸ் வற்றிவிட்டது. மாமல்லபுரம், கும்பகோணம், தஞ்சாவூர், எப்படிப் போகலாம், எங்கே தங்கலாம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த டிக்கெட் கவுன்ட்டர் எரிச்சல் முதலில் வெளியே வந்தாக வேண்டும்.

கடற்கரைக் கோயிலுக்கு எனக்கு 40 ரூபாய். அவர்களுக்குத் தலைக்கு 600. பதினைந்து மடங்கு! பலகையில் எழுதியிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், உறைத்ததில்லை. இந்தத் தடவை பக்கத்தில் நின்றவன் கேட்டான்: "எங்க ஊர் மியூசியத்துல உன்கிட்ட எவ்வளவு வாங்கினாங்க?" அவனுக்கு வாங்கியதைத்தான் எனக்கும் வாங்கினார்கள். "உனக்கு யூரோவில் சம்பளம்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எனக்கே அது எடுபடவில்லை.

வெளியே கற்சிலைக் கடைக்காரர் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார். "வாங்க வைங்க சார், உங்களுக்குத் தனியா பண்ணிடலாம்." நான் கைடு இல்லைங்க, ஃப்ரெண்டு என்றேன். "எல்லா கைடும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்தார். அன்றிலிருந்து நான்கு நாளும் நான் கைடுதான்.

கும்பகோணம் ஸ்டேஷனிலிருந்து மகாமகக் குளத்துப் பக்கம் இருக்கும் லாட்ஜுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோவுக்கு 300 கேட்டார். எகிறினேன். "அவங்களுக்கெல்லாம் இது ஒரு காசாண்ணே? நீங்க ஏன் குறுக்க வர்றீங்க?" கத்திக் கத்தி 150-க்கு இறக்கினேன். அதுவும் அநியாயம்தான். என்ன சண்டை என்று அவன் மனைவி கேட்டாள். லாட்ஜுக்கு வழி பேசினோம் என்று புளுகினேன்.

அந்தக் கோபத்தை மறுநாள் காலை இட்லியும் கடப்பாவும் ஆற்றின. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட அந்தக் கடப்பாவை வாளியோடு கொடுத்தாலும் குடித்திருப்பான். ஒன்பது இட்லி! நான் எண்ணினேன், பில் என்னுடையது. பிறகு டபரா செட்டில் காபி. டம்ளரைத் தூக்கி ஆற்றிப் பழகுகிறேன் என்று சட்டையில் பாதி ஊற்றிக்கொண்டான்.

பழக்கடையில்தான் என் மானம் போனது. அவன் ஊரில் வாழைப்பழம் என்றால் ஒரே ஒரு சாதி, மஞ்சளாக, நீளமாக. இங்கே வாசலில் ஏழெட்டுத் தார் தொங்கின. எது எது என்று கேட்டான். செவ்வாழையைத் தவிர எனக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியவில்லை. கடைக்கார அக்காதான் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுத்துத் தின்னச் சொன்னார். "சொந்த ஊர்க்காரரு, இதுகூடத் தெரியல" என்று எனக்கும் ஒன்று. தின்ன கொடுத்ததற்குக் காசு வாங்கவில்லை.

தாராசுரத்துக்கு ஆட்டோ வேண்டவே வேண்டாம் என்று டவுன் பஸ். கண்டக்டர் என்னிடமும் அவனிடமும் காசு வாங்கினார், அவளிடம் கட்டணமில்லா டிக்கெட்டை நீட்டினார். பெண்களுக்கு இலவசம், 2021-லிருந்து. எந்த நாடு என்றெல்லாம் கேட்கவில்லை. அவள் அந்தச் சீட்டை நோட்டுப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தினாள். அவனோ விசிலிலேயே குறியாக இருந்தான். ஒன்று அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும் என்று தானே கண்டுபிடித்ததில் அப்படி ஒரு பெருமை.

கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் இருக்கிறதே, அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பாதியைக் கையால் மறைத்தால் யானை, மறு பாதியை மறைத்தால் காளை. நான் அங்கே போனது மூன்றாவது தடவை, மறைத்துப் பார்த்தது முதல் தடவை.

கடைசியாகப் பெரிய கோயில். காலை பத்து மணிக்கெல்லாம் தரை தோசைக்கல். ராஜராஜ சோழன், 1010, விமானம் 216 அடி என்று அடுக்கிக்கொண்டே பின்பக்கம் வந்தேன். நாலாம் வகுப்பிலிருந்து கேட்டு வந்ததையும் சேர்த்துவிட்டேன்: "இதோட நிழல் தரையிலேயே விழாது."

அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். எங்களுக்கு நாலடி தள்ளி, பெரிதாகப் படுத்திருந்த கறுப்பைக் காட்டினான். "அப்போ இது?"

உச்சியில் இருப்பது 80 டன் ஒரே கல் என்ற கதையை அப்படியே முழுங்கிவிட்டேன்.

இங்கே ஏன் டிக்கெட் இல்லை என்றான். இது இன்னும் பூஜை நடக்கிற கோயில், அதனால் கட்டணம் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்தான். "அப்போ சாமி இருந்தா இலவசம், சாமி போயிட்டா 600 ரூபாயா?"

பதில் யோசிக்க உள்ளங்கால் விடவில்லை. மூன்று பேரும் குதித்துக் குதித்து ஓடி, தரையில் விழாத அந்த நிழலுக்குள் போய் நின்றுகொண்டோம்.