கொட்டகை ஒருவருடையது, பன்றி இன்னொருவருடையது

கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு விவசாயிகளுக்குப் பணத்தை வாரி இறைத்தது என்று பலர் சொல்கிறார்கள். இறைத்தது உண்மைதான். 2020 ஏப்ரலில் அறிவித்த முதல் திட்டத்தில் நேரடி உதவிக்கு மட்டும் 1,600 கோடி டாலர், செப்டம்பரில் இரண்டாவது சுற்றுக்கு மேலும் 1,400 கோடி வரை. ஆனால் அது யார் கைக்குப் போனது என்பது ஏதாவது ஒரு கவுண்டியை, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு பகுதியை, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஐயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் சூ கவுண்டி இருக்கிறது. சோளக்காடும் பன்றிக் கொட்டகையுமாக நீளும் ஊர்கள். அந்த ஏப்ரலில் பக்கத்து மாநிலங்களில் சூ ஃபால்ஸ், வொர்திங்டன் இரண்டு ஊர்களின் பெரிய இறைச்சி ஆலைகளும் தொழிலாளர்களிடம் தொற்று பரவியதால் மூடப்பட்டன. இரண்டுக்கும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 40,000 பன்றிகள் போய்க்கொண்டிருந்தன. பன்றி காத்திருக்காது, வளர்ந்துகொண்டேதான் இருக்கும், 125 கிலோ சுமாருக்கு விற்றாக வேண்டியது அதற்கு மேல் பெருத்துவிட்டால் ஆலையின் இயந்திரத்துக்கே ஒத்துவராது. அதனால் தீவனக் கலவையை மாற்றினார்கள், இரை குறைவாக எடுக்கட்டும் என்று கொட்டகைக்குள் சூட்டைக் கூட்டிக்கூட வைத்தார்கள். அப்படியும் முடியாத இடங்களில் கொன்று புதைத்தார்கள்.

இந்த வேலையையெல்லாம் செய்தவர்களில் நிறையப் பேர் ஒப்பந்தத்துக்கு வளர்ப்பவர்கள். குட்டியும் தீவனமும் மருந்தும் பன்றியின் சொந்தக்காரர் தருவார். கொட்டகை, அதைக் கட்ட வாங்கிய வங்கிக் கடன், மின்கட்டணம், தினமும் உள்ளே இறங்கிச் செத்ததை எடுத்துப் போடுவது எல்லாம் வளர்ப்பவர் பாடு. அவருக்குக் கிடைப்பது இட வாடகை மாதிரி ஒரு தொகை, அப்புறம் சோளத்துக்குப் போட எரு.

நிவாரணத்தைக் கணக்கிட்டது பன்றியின் தலையை எண்ணி. முதல் சுற்றில் ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் விற்ற பன்றி 120 பவுண்டுக்குள் (சுமார் 54 கிலோ) இருந்தால் 28 டாலர், மேலே போனால் 18, அதற்குப் பிறகு கையிருப்பில் இருந்ததற்குத் தலைக்கு 17. விலை இறங்கினால் நட்டம் யாருக்கோ அவருக்கே பணம் என்பது விதி. ஒருவருக்கு 2,50,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது சரி, சொந்தப் பன்றி வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு அது உண்மையிலேயே கைகொடுத்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தக்காரருக்கு இரண்டு சுற்றிலும் ஒரு டாலர்கூட இல்லை. பன்றி அவருடையது இல்லையாம். கொட்டகை காலியாகக் கிடந்த மாதத்துக்கும் தவணை கட்டியது அவர்தானே?

2020 டிசம்பர் கடைசியில்தான் நாடாளுமன்றம் ஒப்பந்தக்காரர்களுக்கென்று 100 கோடி டாலர் வரை ஒதுக்கியது, வருமான இழப்பில் 80 சதவீதம் வரை ஈடு. ஜனவரியில் அறிவிப்பு வந்தது, ஆட்சி மாறியதும் மறு ஆய்வு என்று நிறுத்திவைத்தார்கள். விதியைத் திருத்தி மறுபடி அறிவித்தது 2021 ஆகஸ்டில், விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 12. ஆலை மூடி ஒன்றரை வருடம்!

எனக்கு ஆத்திரம் தொகையில் இல்லை, வரிசையில். எத்தனை பன்றிக்கான கொட்டகை, யார் பெயரில் கடன் என்ற விவரம் ஒப்பந்தத் தாளிலேயே இருக்கிறது. அடுத்த தடவை அதையும் முதல் நாளே விண்ணப்பத்தில் கேட்கட்டும்.