ஒப்பந்தத்தின் பின்பக்கம்

மதுரையில் நாங்கள் நான்கு ஆண்டுகள் குடியிருந்த வாடகை வீட்டை 2023 மே 31 அன்று காலி செய்து சாவியை ஒப்படைத்தோம். மாத வாடகை 9,000 ரூபாய். குடிபுகும்போது கொடுத்த அட்வான்ஸ் 50,000 ரூபாய். "அடுத்த ஆள் வரட்டும், தந்துவிடுகிறேன்" என்று சொல்லியிருந்த வீட்டுக்காரர், அடுத்த ஆளும் வந்து பால் காய்ச்சிய பிறகு, பெயிண்ட் செலவு, குளியலறைக் கதவு, மின்கட்டணப் பாக்கி எல்லாம் போக 20,000 ரூபாய்தான் மிச்சம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். அதன் பிறகு என் அழைப்புகளை அவர் எடுக்கவில்லை.

நான் முதலில் போனது காவல் நிலையத்துக்கு. கொடுத்த பணத்தைத் தர மறுத்தால் அது மோசடிதானே என்பது என் எண்ணம். மனுவைப் படித்துப் பார்த்த ரைட்டர், "இது சிவில் மேட்டர்ம்மா, கோர்ட்டுலதான் பாக்கணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னது சரிதான். தெரிந்த வக்கீல் ஒருவர் நோட்டீஸ் அனுப்ப மட்டும் 3,000 ரூபாய் கேட்டார். வர வேண்டிய பணமே வருமா என்று தெரியாத நிலையில், கையிலிருந்து மேலும் செலவழிக்க மனம் ஒப்பவில்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னது என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர். இலவச சட்ட உதவி வருமானமே இல்லாதவர்களுக்கானது, மாதச் சம்பளம் வாங்கும் நமக்குக் கிடைக்காது என்று நான் தயங்கினேன். ஆனால் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை வருமானம் பார்க்காமலேயே தகுதியுடையவர்களாகச் சொல்கிறது. சட்ட உதவிக்கான 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தபோது இதை உறுதி செய்தார்கள். வேறு ஆவணங்களோடு ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு மறுநாளே போனேன்.

எனக்கு ஆலோசனை சொல்ல அமர்த்தப்பட்ட வழக்கறிஞர், என்னைவிடப் பத்து வயதாவது இளைய பெண். நான்கு வருடக் கதையையும், தண்ணீர் மோட்டார் சண்டை உட்பட, ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டு முடித்தவர், "ஒப்பந்தத்தைக் கொடுங்கம்மா" என்று மட்டும் கேட்டார். 2022 ஜூலையில் புதுப்பித்த, 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய 11 மாத ஒப்பந்தம் அது. முன்பக்கத்தில் 50,000 ரூபாய் பெற்றுக்கொண்டதாக வீட்டுக்காரர் கையெழுத்திட்டிருந்ததால், அதில் 20,000 ரூபாயை நாங்கள் ரொக்கமாகக் கொடுத்தது பற்றிக் கவலை வேண்டாம் என்றார். பிறகு தாளைத் திருப்பினார். மின்விசிறி 3, டியூப் லைட் 4 என்ற பட்டியலுக்குக் கீழே, நீல மையில், காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு அடியில் இருந்தது என் கையெழுத்து. அந்த வரியை நான் அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் கணக்குப் போட்டார். 50,000 ரூபாயில் வெள்ளையடிக்க 9,000, மின்கட்டணப் பாக்கி 860 போக 40,140 ரூபாய். கதவுக்கு வீட்டுக்காரர் ரசீது காட்டினால் பேசலாம், காட்டாவிட்டால் தர வேண்டியதில்லை. மன உளைச்சலுக்கு இழப்பீடு, தண்ணீர் மோட்டார், வீட்டுக்காரர் பேசிய பேச்சு எல்லாவற்றையும் இந்த மனுவில் சேர்த்தால் கேட்க வேண்டியது மங்கிவிடும் என்று எடுத்துவிடச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை; ஆனால் மூன்று பக்கமாக இருந்த என் குறை ஒரே பக்கத்தில் அடங்கியபோது அதற்கு ஒரு பலம் வந்திருந்தது.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி எங்கள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அங்கே போனால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும் என்பதால், வழக்குத் தொடுப்பதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசம் பேசும்படி ஆணைக்குழுவின் செயலாளருக்கு மனு எழுதினோம். நீதிமன்றக் கட்டணம் எதுவும் இல்லை. குரல் பதிவை அழித்துவிடக் கூடாது, வீட்டுக்காரரை இனி போனில் அழைக்கவும் கூடாது என்பவை வழக்கறிஞர் எனக்கு விதித்த இரண்டு நிபந்தனைகள். இரண்டாவதுதான் கடினமாக இருந்தது.

முதல் தேதிக்கு வீட்டுக்காரர் வரவில்லை. இரண்டாம் தேதிக்கு மகனோடு வந்து, பெயிண்ட் கடை ரசீதுகளை மேசையில் பரப்பினார். அவர் எழுதிய ஒப்பந்தத்தின் பின்பக்கத்தையே எங்கள் வழக்கறிஞர் அவரிடம் நீட்டியதும், மகன் அதை வாங்கிப் படித்துவிட்டுத் தந்தையைப் பார்த்தார். அதன் பிறகு பேச்சு கதவைப் பற்றி மட்டுமே நடந்தது. துண்டு மாட்ட என் மகன் அதில் ஆணி அடித்தது உண்மை என்பதால் 1,640 ரூபாயை விட்டுக்கொடுத்து, 38,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் 9, சனிக்கிழமை நடந்த தேசிய மக்கள் நீதிமன்றத்தில் அது தீர்வாணையாக எழுதப்பட்டது. இது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது, மேல்முறையீடு கிடையாது, பணம் வராவிட்டால் அதை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்று மனு போடலாம் என்று அமர்விலிருந்த நீதிபதி இருவருக்கும் பொதுவாக விளக்கினார். வீட்டுக்காரர் 20,000 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பினார். மீதிக்கு இரண்டு வாரம் தவணை. 23ஆம் தேதி வர வேண்டிய 18,500 ரூபாய், 22ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தது. குறிப்பு எழுதும் இடத்தில், "பெயிண்ட் போக" என்று எழுதியிருந்தார்.