மடல்களில் ஆடும் ஆட்டம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆட வேண்டிய கதாபாத்திர விளையாட்டை நான் அப்படி உட்கார்ந்து ஆடியது மிகக் குறைவு. என் ஊரில் இதற்கு நான்கு பேரைச் சேர்ப்பதே கடினம். சேர்த்துவிட்டாலும் எல்லாருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒழிவதில்லை. ஆகவே சில ஆண்டுகளாக இணையக் குழுமம் ஒன்றில் எழுத்து வழியாகவே ஆடி வருகிறேன். அங்கிருப்பவர்களில் பெரும்பாலோரின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர்களுடைய பாத்திரங்கள் எதற்குக் கோபப்படும், எதற்கு அஞ்சும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். இந்த விளையாட்டில் அச்சான புத்தகம் பாதிதான் என்பதும், ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதில்தான் மறுபாதி உருவானது என்பதும் அங்கே சேர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கின.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தையும் அதில் நடப்பவற்றையும் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்வது கைகூடுமா என்ற ஐயம் எழும் இடத்தில் பகடை உருட்டப்படும். வெற்றி தோல்வி என்று தனியாக ஒன்றும் கிடையாது. கதை போகும் வரை ஆட்டம் போகும்.

இந்த வகையில் முதலில் அச்சேறிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய அந்த ஆட்டம், ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்களாக, 10 டாலர் விலையில், முதலில் 1,000 படிகள் மட்டுமே அச்சிடப்பட்டது. அந்த நூல்களை இன்று படிப்பவர்களுக்கு வியப்பளிப்பது அவற்றில் இல்லாதவைதான். சண்டையில் யார் முதலில் அடிப்பது என்பதற்குக்கூடத் தெளிவான விதி அவற்றில் கிடையாது. மேசைமேல் சிறு பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளில் ஏற்கெனவே ஊறியவர்கள்தான் வாங்குவார்கள் என்று எண்ணி எழுதப்பட்டவை அவை. கைகாக்ஸ் 1971-ல் ஜெஃப் பெரனுடன் சேர்ந்து எழுதிய பழைய போர் விதிநூல் கையில் இருக்கும் என்றும் அவை எடுத்துக்கொண்டன. போதாக்குறைக்கு, ஐயம் வந்தால் எங்களைக் கேட்பதைவிட நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு பின்னுரையும் இருந்தது. வாங்கியவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அதே கைகாக்ஸ், எல்லாரும் ஒரே விதிப்படி ஆட வேண்டும் என்று வலியுறுத்தத் தொடங்கியது வேறு கதை. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

காலம் கடந்ததற்கு முதன்மையான காரணங்களில் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த லீ கோல்ட் என்ற பெண்மணி. அந்நகரின் அறிவியல் புனைகதை ஆர்வலர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டுக்கொண்ட இதழ் ஒன்று இருந்தது. அதில் இந்தப் புது விளையாட்டைப் பற்றிய பேச்சு பெருகிப் போனதால், அதற்கென்றே 1975 ஜூன் மாதம் அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்ற தனி இதழை அவர் தொடங்கினார். நம் ஊர்களில் வாசக நண்பர்கள் ஒரு காலத்தில் சுற்றுக்கு விட்ட கையெழுத்துப் பத்திரிகையின் பெரிய வடிவம் என்று அதைச் சொல்லலாம். எழுதுகிறவர் ஒவ்வொருவரும் தம் பக்கங்களைத் தாமே தட்டச்சு செய்து அனுப்ப, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து அஞ்சலில் அனுப்புவது லீ கோல்டின் வேலையாக இருந்தது. அடுத்த மாதப் பக்கங்களில் ஒவ்வொருவரும் முந்தைய மாதம் எழுதியவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, நீ சொன்ன விதி சரி, உன் மந்திரவாதி செய்தது தவறு என்று பதில் எழுதுவார்கள். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு மாதம் போய்விடும். ஆனாலும் அதில் நடந்த வாதங்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு எதுவும் பழையதாகத் தெரிவதில்லை. பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று ஆடுகிறவருக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்வது, கேம் மாஸ்டர் இரக்கப்பட்டு ஒரு பாத்திரத்தைச் சாகாமல் காப்பது முறையா என்று எங்கள் குழுமத்தில் இன்றைக்கும் அதே சண்டைதான். பிற்காலத்தில் பெயர் பெற்ற ராபின் லாஸ், ஜோனதன் ட்வீட் போன்ற விளையாட்டு வடிவமைப்பாளர்கள் அந்த இதழில் எழுதியவர்கள். 2000-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பின் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் இதே ஜோனதன் ட்வீட்தான் என்பதை நினைத்தால், மடல்களில் பேசிக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் புத்தகத்துக்குள்ளேயே போய்விட்டார்கள் எனலாம்.

எங்கள் ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். கேம் மாஸ்டர் ஒரு காட்சியை எழுதுவார்: இடிந்த சுங்கச்சாவடி, அணைந்த அடுப்பு, உள்ளே யாரோ நடமாடும் ஓசை. ஒரு நாளுக்குள் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் பாத்திரம் செய்வதை எழுதிவிட வேண்டும். பகடையைக் குழுமத்தில் உள்ள ஒரு சிறு நிரல் உருட்டும். விழுந்த எண் எல்லார் கண்ணிலும் படும். (பகடைத் தட்டுப்பாட்டால் 1979 வாக்கில் விற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அறிமுகப் பெட்டிகள் சிலவற்றில், பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட சிறு துண்டுகளை வைத்து விற்றார்கள், குவளையில் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படி ஆடியவர்களுடைய பொறுமையின் முன்னால் எங்களுடையது ஒன்றுமில்லை.)

எழுத்தில் ஆடும்போது மேசை விதிகள் பல உடைகின்றன. நேரில் ஆடினால் ஒரு சண்டை ஒரு மணி நேரத்தில் முடியும். எழுத்தில் ஒவ்வொருவரும் தம் முறை வரும் வரை காத்திருந்தால் அதே சண்டை மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே எங்கள் தரப்பினர் யார் எப்போது வருகிறார்களோ அந்த வரிசையில் அடிக்கலாம், அதன் பிறகு எதிரிகள் எல்லாரும் சேர்ந்து அடிப்பார்கள் என்று வைத்துக்கொண்டோம். நிபந்தனையோடு எழுதுவதும் பழகிவிட்டது: கதவு திறந்தால் உள்ளே போகிறேன், திறக்காவிட்டால் பின்பக்கம் சுற்றுகிறேன், யாராவது அடிபட்டால் இரண்டையும் விட்டுவிட்டு அவரிடம் ஓடுகிறேன். இப்படி ஒரு மடலில் மூன்று வழியையும் சொல்லிவிட்டால் மூன்று நாள் மிச்சம். இவை எந்தப் புத்தகத்திலும் எங்களுக்குக் கிடைத்தவை அல்ல. எங்களுக்கு முன்னால் ஆடியவர்கள் எழுதி வைத்ததையும் நாங்களே முட்டி மோதிக் கண்டதையும் சேர்த்துச் செய்தவை.

அதைவிடக் கடினமானது, அடுத்தவர் பற்றிக்கொள்ள ஏதாவது விட்டுவைத்து எழுதுவது. அழகாக எழுதத் தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் இதில் சறுக்குகிறார்கள் என்பது என் கணிப்பு. தம் பாத்திரத்தின் மனவோட்டத்தை இரண்டு பக்கம் உருகி எழுதிவிட்டு, அது வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாமல், யாரையும் பாராமல் மூலையில் நிற்பதாக முடித்தால், மற்றவர்கள் அதற்கு என்ன பதில் எழுத முடியும்? குறுக்கே வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறவரின் இரண்டு வரி ஆட்டத்தை ஒரு வாரம் நகர்த்திவிடும். எழுத்து ஆட்டங்கள் பெரும்பாலும் சண்டை சச்சரவால் முடிவதில்லை. ஒருவர் பதில் எழுதத் தாமதிக்க, இன்னொருவர் அவருக்காகக் காத்திருக்க, யாரும் நிறுத்தாமலே அவை நின்றுவிடுகின்றன.

தொடங்குமுன் எவையெல்லாம் கதைக்குள் வரக்கூடாது, எவை வந்தாலும் விவரிக்காமல் கடந்துவிட வேண்டும் என்று பேசிக்கொள்ளும் வழக்கமும் எங்களுக்கு உண்டு. மேசையில் ஆடுகிறவர்களுக்கு ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டை இருக்கிறது. காட்சி தாங்க முடியாமல் போனால் அட்டையைத் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் தொடுவதற்கு அட்டை இல்லை என்பதோடு, தாங்க முடியாதது ஏற்கெனவே எழுதப்பட்டு எல்லாராலும் படிக்கப்பட்டும் இருக்கும். எனவே கேம் மாஸ்டருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினால் அந்தப் பகுதியை அவர் நீக்கிவிட்டுக் கதையை அதற்கு முன்னாலிருந்து தொடர்வார் என்பது எங்கள் ஏற்பாடு.

இந்த விளையாட்டின் விதிகள் யாருடைய உடைமை என்ற கேள்வி 2023 ஜனவரியில் உலகறிய எழுந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், தன் அடிப்படை விதிகளை எடுத்துப் பிறரும் நூல்கள் வெளியிடலாம் என்று 2000-இலேயே ஒரு திறந்த உரிமத்தை வழங்கியிருந்தது. அது என்றென்றைக்கும் நிலைக்கும் என்று எழுதப்பட்டிருந்ததே தவிர, திரும்பப் பெற முடியாதது என்று எழுதப்படவில்லை. புதிய உரிமத்தின் வரைவு ஜனவரி தொடக்கத்தில் கசிந்தபோது, பழைய உரிமம் செல்லாததாக்கப்படும் என்பதும், ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் ஈட்டுவோர் அந்த வரம்பைக் கடந்த வருவாயில் 25 விழுக்காடு வரை பங்கு தர வேண்டும் என்பதும் தெரியவந்தன. உலகெங்கும் குழுமங்கள் கொதித்தன. ஆடுகிறவர்கள் அந்நிறுவனத்தின் இணையச் சந்தாக்களைக் கைவிட்டார்கள். நிறுவனம் வரைவைத் திருத்திக் கருத்துக் கேட்டபோது 15,000-க்கும் மேற்பட்டோர் பதில் அளித்தார்கள். அதன் கீழ் வெளியிட விரும்பவில்லை என்று 88 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஜனவரி 27 அன்று ஏறத்தாழ 400 பக்க அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அதை யாரும் மாற்றலாம், விற்கலாம், தமிழிலும் கொண்டுவரலாம். அந்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது.

இதை ஆடுகிறவர்களின் வெற்றி என்று கொண்டாடினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்த மூன்று வாரங்களில் சிறு பதிப்பாளர்கள் பட்ட அச்சத்தை எந்த உரிமமும் ஈடு செய்யாது. அதன் பிறகு ஒரே ஆட்டத்தை நம்பியிராமல் எங்கள் குழுமம் வேறு ஆட்டங்களையும் எடுத்து ஆடத் தொடங்கியதுதான் உருப்படியான பயன்.

இப்போது எங்களுக்குள் நடக்கும் வாதம் பகடையைப் பற்றியது. ஓர் அறையைத் துழாவும்போது விழும் எண் எல்லாருக்கும் தெரிவதால், 3 போன்ற சிறிய எண் விழுந்து எதுவும் கிடைக்கவில்லை என்று கேம் மாஸ்டர் எழுதினால், அங்கே ஏதோ இருக்கிறது என்று எல்லாருக்கும் ஐயம் வந்துவிடுகிறது. ஆகவே தேடலுக்கான பகடையை மட்டும் தாம் மறைவாக உருட்டிக்கொள்கிறேன் என்கிறார் அவர். நான் எதிர்த்தரப்பில் இருக்கிறேன். முகம் பார்க்காத இடத்தில் எல்லாரும் ஒன்றாகக் காண்பது அந்த எண் ஒன்றைத்தான். ஐயம் வந்தால் வரட்டும், தெரிந்தும் தெரியாததுபோல் தன் பாத்திரத்தை அறையை விட்டு வெளியே நடத்திச் செல்வதும் ஆட்டத்தில் ஒரு பகுதிதானே என்று எழுதியிருக்கிறேன். இரண்டு பேர் என் பக்கம், ஒருவர் அவர் பக்கம். இன்னொருவர் பதில் எழுத வேண்டும்.