சிறைக்குள் ஒரு சாகசக் குழு: நடத்திப் பார்த்த அனுபவம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு. எங்கள் ஆட்டத்தில் கதையையும் எதிராளிகளையும் நடத்துவது நான். ஒருமுறை குழு கோட்டைக் காவலர்களிடம் தோற்றுப்போனது. நாங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி, கைக்கெட்டும் தூரத்தில் அடித்து ஒருவரின் உயிர்ப்புள்ளிகளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், கொல்லாமல் மயங்க மட்டும் வைக்கலாம். காவலர்கள் அதைத்தான் செய்தார்கள். கைதிகளாகவே தொடங்கும் சாகசங்கள் 1981 முதலே அச்சில் உண்டு. அவற்றில் யாரும் முகம் சுளிப்பதில்லை. நடு ஆட்டத்தில் பிடிபடுவதுதான் சிக்கல். பாத்திரம் சாவதைக்கூட ஆட்டக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆசை ஆசையாய்ச் சேர்த்த மந்திர வாளைப் பிடுங்கினால் பொறுக்க மாட்டார்கள்.

ஆகவே ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேரடியாகவே கேட்டேன்: சிறைக் கதை சம்மதமா? சித்திரவதைக் காட்சி கூடாது, பொருள்கள் திரும்பக் கிடைக்க வழி இருக்க வேண்டும் என்றார்கள். பறிபோனவற்றை அட்டைகளில் எழுதி, ஓர் உறையில் போட்டு, ‘கிடங்கு’ என்று பெயரிட்டு மேசை நடுவில் வைத்தேன். உறை கண்ணெதிரே கிடந்ததால் புலம்பல் ஓய்ந்து, கிடங்கு எந்தப் பக்கம் என்ற விசாரணை தொடங்கியது.

விலங்கை உடைக்கவோ, கையை உருவிக்கொள்ளவோ பகடையில் விழும் எண்ணும் பாத்திரத்தின் திறன் எண்ணும் சேர்ந்து 20 தேவை. கள்ளச்சாவிக் கருவிகள் இருந்தால் 15 போதும். அவையும் உறைக்குள்தான். இப்படி விட்டால் ஆளுக்கு ஆள் பகடையை உருட்டிக்கொண்டே இருப்பார்கள். எனவே ஆறு துண்டுகளாகப் பிரித்த ஒரு வட்டம் வரைந்தேன். சத்தம் எழுப்பும் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு துண்டு நிரம்பும். வட்டம் நிறைந்தால் சுரங்க வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

மந்திரவாதிக்கு வாய்க்கட்டு. ‘மிஸ்டி ஸ்டெப்’ மந்திரத்துக்குக் கையசைவோ பொருளோ வேண்டாம், குரல் மட்டும் போதும். அதனால் கட்டாமல் விட முடியாது. ஆனால் வாய் கட்டப்பட்ட பாத்திரத்தை வைத்திருப்பவர் மாலை முழுவதும் சும்மா உட்கார வேண்டுமா? சாப்பாட்டு வேளையில் மட்டும் கட்டை அவிழ்ப்பார்கள் என்று வைத்தேன். உடனே அவர் கேட்டார்: “தட்டை உள்ளே தள்ளும் துவாரம் வழியாக நடைபாதை தெரியுமா?” தெரியும் என்றேன். கண்ணுக்குத் தெரிகிற காலி இடமாக, 30 அடிக்குள் இருந்தால் அந்த மந்திரத்துக்குப் போதும். அடுத்த நொடி கதவுக்கு வெளியே நின்றார், கையில் விலங்கோடு, சாவி இல்லாமல், தட்டு நீட்டிய காவலருக்குப் பக்கத்தில்.

அந்தக் காவலராக ஆடியது நானல்ல. எங்களில் ஒருவருடைய பாத்திரம் பிடிபடாமல் தப்பியிருந்தது. அவர் வேடிக்கை பார்க்க வேண்டாமே என்று காவலரை அவரிடம் கொடுத்திருந்தேன். தாளில் இரண்டே வரி: இந்த வேலையை விட்டுப் போக வேண்டும், தலைவனைக் கண்டால் பயம். தோழர்கள் என்றும் பாராமல் அவர் பேசிய பேரம் இருக்கிறதே, நான் நடத்தியிருந்தால் அவ்வளவு கறாராக இருந்திருக்க மாட்டேன்! கடைசியில், தன்னையும் அழைத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனையோடு சாவியைக் கொடுத்தார்.

உறையைப் பிரித்தார்கள். மந்திரவாதியின் மந்திரப் புத்தகம் மட்டும் அதில் இல்லை. அது தலைவனின் அறையில் இருக்கிறது. மனத்தில் ஏற்றி வைத்திருக்கும் மந்திரங்கள் அப்படியே இருக்கும், அவற்றை மாற்றத்தான் முடியாது. புத்தகத்தை எடுக்காமல் கிளம்ப மாட்டேன் என்கிறார் அவர். காவலர் இப்போதே கிளம்ப வேண்டும் என்கிறார். வட்டத்தில் மீதி ஒரு துண்டு.